டோட்டல் வார் ஆட்டத்தில் யூனிட் சைஸ்: 40 பேரா, 160 பேரா?

டோட்டல் வார் என்ற கம்ப்யூட்டர் போர் ஆட்டத் தொடரைப் புதிதாக ஆட வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யூனிட் சைஸை எதில் வைக்கலாம்?" ஒரு படைப்பிரிவில் எத்தனை வீரர்கள் என்பதை ஸ்மாலிலிருந்து ஹியூஜ் வரை தேர்ந்துகொள்ளும் செட்டிங் அது. பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "கம்ப்யூட்டர் தாங்கினால் ஹியூஜ், தாங்காவிட்டால் நார்மல்" என்பது ஒன்று. "உனக்கும் கூடும், எதிரிக்கும் அதே மடங்கு கூடும், அதனால் ஆட்டத்தில் எதுவும் மாறாது" என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்பவர்களில் பல வருடம் ஆடிய கைகளும் உண்டு. ஆனாலும் அது தவறு. அதை நம்பிப் பெரிய அளவில் தொடங்கிவிட்டு, ஏன் குதிரைப்படை பயனில்லாமல் போகிறது, ஏன் ஊர் வளரவே மாட்டேன் என்கிறது என்று தெரியாமல் ஆட்டத்தையே மூடிவைப்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு நல்ல தொடரை அப்படி இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

இந்தக் குழப்பத்துக்கு ஆட்டமும் ஒரு காரணம். இந்த செட்டிங் பெரும்பாலும் நிழல், புல், தண்ணீர் ஆகியவற்றின் தரத்தோடு கிராஃபிக்ஸ் பக்கத்திலேயே கிடக்கும். பார்ப்பவர் அதையும் கண்ணுக்கான சமாச்சாரம் என்றே எடுத்துக்கொள்கிறார்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் 2004இல் வந்த ரோம்: டோட்டல் வார் ஆட்டத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அதன் எண்கள் எளிமையானவை. அங்கே புரிந்துவிட்டால் தொடரின் மற்ற ஆட்டங்களிலும் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

யூனிட் என்பது என்ன

போர்க்களத்தில் நீங்கள் ஒரு வீரனுக்குத் தனியாகக் கட்டளையிட முடியாது. ஒரு கூட்டத்துக்குத்தான் கட்டளையிட முடியும். அந்தக் கூட்டத்தின் பெயர் யூனிட். திரையின் அடியில் ஒரு யூனிட்டுக்கு ஒரு அட்டை இருக்கும். ஒரு படையில் அதிகபட்சம் 20 அட்டைகள். அளவை எதில் வைத்தாலும் இந்த 20 மாறாது. ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் மாறும்.

ரோம் ஆட்டத்தில் ஹஸ்தாதி என்ற காலாள் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்மாலில் 20 பேர், நார்மலில் 40, லார்ஜில் 80, ஹியூஜில் 160. சாதாரணக் குதிரைப்படை நார்மலில் 27 என்றால் ஹியூஜில் 108. ஆயுதப் பயிற்சியே இல்லாத குடியானவர் யூனிட் 60இலிருந்து 240 ஆகும். எதிரிக்கும் இதே பெருக்கல்தான். யாருக்கும் தனிச் சலுகை கிடையாது.

இதுவரைக்கும் "எதுவும் மாறாது" என்பவர் சொல்வது சரி. இதற்கு அடுத்த படியில்தான் கணக்கு பிசகுகிறது.

ஆள் கூடும், இடம் கூடாது

கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தியில் 100 இலை போடலாம். 100 பேர் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். 400 பேர் வந்தால்? சமையலையும் நான்கு மடங்காக்கிவிட்டோம், அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல முடியுமா? மண்டபம் அதே மண்டபம், வாசல் அதே வாசல், இலையும் அதே 100தான். மீதி 300 பேர் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர்கள் எப்போது எழுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விருந்து முடிய நான்கு மடங்கு நேரமாகும். கை கழுவும் இடத்தில் நெருக்கடி. வெளியே வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

யூனிட் சைஸும் இதையேதான் செய்கிறது. ஆட்களை மட்டும் பெருக்குகிறது. ஆற்றுப் பாலத்தின் அகலம், கோட்டை வாசலின் அகலம், அம்பு பாயும் தூரம், மனிதன் நடக்கும் வேகம், குதிரை ஓடும் வேகம், ஓடினால் களைப்பு ஏறும் வேகம் ஆகிய எதையும் அது தொடுவதில்லை. ஆக, மாறுவது ஆளுக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம். அந்த விகிதம் மாறினால் போரின் தன்மையே மாறிவிடும்.

முகப்பும் ஆழமும்

இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு யூனிட் எதிரியைப் பார்த்து நிற்கும்போது முன்வரிசையில் எத்தனை பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள் என்பது முகப்பு. அவர்களுக்குப் பின்னால் எத்தனை வரிசை என்பது ஆழம். ஆட்டத்தில் வலது மவுஸ் பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் முகப்பு நீளும், ஆழம் குறையும்.

40 பேர், 4 வரிசை ஆழம். முகப்பு 10 பேர். வாள் வைத்திருக்கும் யூனிட்டில் எதிரியைத் தொடுவது முன்வரிசைதான் என்பதால் நாலில் ஒருவர் சண்டையிடுகிறார், மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

இப்போது 160 பேர். உங்களுக்கு இரண்டு வழி. ஆழத்தை 4ஆகவே வைத்தால் முகப்பு 40 ஆகிறது. நாலில் ஒருவர் என்ற விகிதம் காப்பாற்றப்படுகிறது, ஆனால் யூனிட் நான்கு மடங்கு அகலமாகிவிடுகிறது. அகலம் வேண்டாம் என்று ஆழத்தை 8 ஆக்கினால் முகப்பு 20. அப்போது எட்டில் ஒருவர்தான் சண்டையிடுகிறார். ஏழு பேர் பந்திக்குப் பின்னால் நிற்பவர்கள்.

அகலத்தைத் தேர்ந்தால் நிலம் நெருக்கும், ஆழத்தைத் தேர்ந்தால் நேரம் நீளும். இரண்டையும் தவிர்க்க வழியில்லை. பெரிய யூனிட்டுகளோடு ஆடுபவர் ஒவ்வொரு போரிலும், தெரிந்தோ தெரியாமலோ, இதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

யூனிட்டை நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டால் இது இன்னும் கூர்மையாகும். வரிசைக்கு 4 பேராக 4 வரிசை, 16 பேர் சதுரமாக நிற்கிறார்கள். ஓரத்தில் 12 பேர், உள்ளே 4 பேர். கிட்டத்தட்ட எல்லோர் மேலும் கத்தி படும். 8 பேராக 8 வரிசை, 64 பேர்: ஓரத்தில் 28, உள்ளே 36. 16 பேராக 16 வரிசை, 256 பேர்: ஓரத்தில் 60 பேர்தான், உள்ளே 196 பேர். கூட்டம் பெருகப் பெருக, எதிரியைத் தொடக்கூடிய இடத்தில் இருப்பவர்களின் பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. நார்மலில் சூழ்ந்துகொண்ட சிறிது நேரத்தில் கரைந்துவிடும் யூனிட், ஹியூஜில் வெகுநேரம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். வீரர்களின் திறமைப் புள்ளிகள் ஒன்றுகூட மாறவில்லை.

ஈட்டிப்படைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. மாசிடோனியர்களின் சரிஸா என்ற நீண்ட ஈட்டி மிக நீளமானது. முன்வரிசைக்கு முன்னால் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். ஆகவே அவர்களுக்கு ஆழம் வீணாவதில்லை. மேலே சொன்ன 16க்கு 16, அதாவது 256 பேர், மாசிடோனிய ஈட்டிப்படையின் உண்மையான அடிப்படை அலகு. அதற்கு சின்டக்மா என்று பெயர். ரோம் ஆட்டத்தில் ஹியூஜில் இந்த ஈட்டி யூனிட்டுகள் 240 பேராக வரும். அந்த ஒரு யூனிட் வகைக்கு மட்டும் ஹியூஜ் வரலாற்றுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. திரையில் அந்த ஈட்டிக்காடு நகர்வதைப் பார்க்கவே பெரிய அளவில் ஒருமுறை ஆடலாம்.

கான்னேயில் இதுவே நடந்தது

இந்தக் கணக்கு ஆட்டத்தின் பலவீனம் என்று சிலர் நினைக்கலாம். இல்லை, உண்மையான போரிலும் இது உண்டு. கி.மு. 216இல் இத்தாலியின் கான்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுக்கு எதிராக ரோம் திரட்டிய படை சுமார் 80,000 காலாள், 6,000 குதிரை என்கிறார் பொலிபியஸ். ஹன்னிபாலிடம் சுமார் 40,000 காலாளும் 10,000 குதிரையும். காலாளில் ரோமுக்கு இரண்டு மடங்கு பலம்.

அந்தப் பலத்தை ரோமானியர் எப்படி நிறுத்தினார்கள்? வழக்கத்தைவிட நெருக்கமாக, ஒவ்வொரு பிரிவிலும் முகப்பைவிட ஆழம் பலமடங்கு வரும்படி. அதாவது அவர்கள் அகலத்தைக் கைவிட்டு ஆழத்தைத் தேர்ந்தார்கள். எதிரியின் நடுப்பகுதியை இடித்துத் தள்ளிவிடலாம் என்பது திட்டம். இடித்தார்கள். நடுப்பகுதி பின்வாங்கியது. அதற்குள் இரண்டு பக்கமும் ஆப்பிரிக்கக் காலாள் வளைத்துக்கொண்டது, பின்னால் குதிரைப்படை வந்து அடைத்தது. அதன் பிறகு ஓரத்தில் நின்றவர்கள் வெட்டுப்பட்டு விழ, மிச்சமிருந்தவர்கள் உள்நோக்கி நெருக்கப்பட்டுக்கொண்டே போனார்கள். நடுவில் நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் வாளை வீசும் இடத்துக்கு வந்து சேரவே வெகுநேரமானது. எண்ணிக்கை இருந்தது, அதைப் பயன்படுத்த இடம் இல்லை.

ஹியூஜில் முதல் சில போர்களை ஆடும் புதியவர்கள் தம் காலாளை ஒரே குவியலாக எதிரியின் மேல் விடுவார்கள். ரோமானியத் தளபதிகள் செய்த அதே காரியம்தான். அளவு பெரிதாகப் பெரிதாக, யார் வளைக்கிறார்கள், யார் வளைபடுகிறார்கள் என்பதன் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

சுருக்கமாக: பெரிய யூனிட்டில் சண்டையிடுபவர்களின் பங்கு குறைவு, காத்திருப்பவர்களின் பங்கு அதிகம். அதனால் மோதல் நீளும். நீளும் மோதலில் பக்கவாட்டுத் தாக்குதலுக்கு நேரம் கிடைக்கும். ஆனால் அந்தப் பக்கவாட்டுக்குப் போய்ச் சேரத் தூரமும் அதிகம்.

அம்பின் 120 மீட்டர்

அந்தத் தூரத்தைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். எட்டு யூனிட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில், 4 வரிசை ஆழத்தில் நிறுத்துகிறீர்கள். ஒருவருக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நார்மலில் உங்கள் அணி 80 மீட்டர் அகலம். ஹியூஜில் 320 மீட்டர்.

ரோம் ஆட்டத்தில் சாதாரண வில்லாளியின் அம்பு 120 மீட்டர் போகும். நார்மலில் நடுவில் ஒரு வில்லாளி யூனிட்டை நிறுத்தினால் அணியின் இரு முனைக்கு முன்னாலும் அது அம்பு பொழியும். ஹியூஜில் அதே இடத்தில் நிறுத்தினால் இரண்டு முனைகளும் எட்டாது. வில்லாளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்கானது உண்மை. ஆனால் அவர்கள் காக்கக்கூடிய பகுதி அணியின் முழு அகலத்திலிருந்து ஒரு துண்டாகச் சுருங்கிவிட்டது. ஆகவே வில்லாளிகளைப் பிரித்து வைக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் காவல் வேண்டும். அட்டைகளோ அதே 20தான்.

குதிரைப்படைக்கும் இதே நிலைமை. நார்மலில் எதிரியின் அணியைச் சுற்றிப் பின்னால் போகும் குதிரை, ஹியூஜில் பலமடங்கு நீளமான அணியைச் சுற்ற வேண்டும். குதிரையின் வேகம் கூடவில்லை. அதனால் சுற்றுப்பயணத்தைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். காலாள் மோதிய பிறகு யோசிப்பவருக்குத் தாமதமாகிவிடும். பாய்ச்சலின் அதிர்ச்சியும் முன்னால் நிற்கும் சில வரிசைகள் மேல்தான் விழும். ஆழமான கூட்டத்தில் அது பாதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். குதிரைகளை உள்ளேயே விட்டுவிடாமல் வெளியே இழுத்து மறுபடி பாயவிடுவது பெரிய அளவில் கட்டாயமாகிறது.

இதில் மனவுறுதியும் சேர்கிறது. ஓடிவிடலாமா, நிற்கலாமா என்று ஒரு யூனிட்டைத் தீர்மானிக்க வைக்கும் மறைமுகப் புள்ளிக்கணக்கு அது. எத்தனை பேர் செத்தார்கள் என்று அது எண்ணிக்கையாகப் பார்ப்பதில்லை, யூனிட்டில் எத்தனை சதவீதம் போனது என்று பார்க்கும். 40இல் 10 பேர் விழுந்தால் நாலில் ஒரு பங்கு போயிற்று. 160இல் அதே பங்கு போக 40 பேர் விழ வேண்டும். ஆழத்தை 8 ஆக்கிய யூனிட்டில் முகப்பு இரண்டு மடங்குதான் ஆனது, விழ வேண்டியவர்கள் நான்கு மடங்கு என்றால் நேரம் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நேரம் நீண்டால் களைப்பு. நார்மலில் பல போர்கள் வீரர்கள் களைப்பதற்குள் முடிந்துவிடும். களைப்பு என்ற ஒன்று ஆட்டத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஹியூஜில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஓடவிட்டு மோதவைத்த யூனிட்டுக்கும், நடக்கவிட்டு மோதவைத்த யூனிட்டுக்கும் கண்கூடாக வித்தியாசம் தெரியும். பின்னால் இரண்டு மூன்று யூனிட்டுகளைக் களைப்பில்லாமல் வைத்திருந்து கடைசியில் இறக்குவது என்ற ரோமானிய வழக்கத்தின் அருமை அங்கேதான் புரியும். பெரிய அளவின் உண்மையான பரிசு இது என்று நான் நினைக்கிறேன். கூட்டத்தின் பிரம்மாண்டம் இரண்டாம்பட்சம்.

துப்பாக்கிக் காலத்து ஆட்டங்களில், உதாரணமாக 2009இல் வந்த எம்பயரில், முகப்பின் முக்கியத்துவம் இன்னும் கூடும். தொடக்கத்தில் முன்வரிசை மட்டுமே சுடும். வரிசை மாற்றிச் சுடும் முறையை ஆராய்ச்சி செய்து பெற வேண்டும். அதனால் அங்கே யூனிட்டை மெல்லிய நீண்ட கோடாக நிறுத்துவார்கள். பெரிய அளவில் அந்தக் கோடுகள் மேடு பள்ளத்திலும் வேலிகளிலும் சிக்கித் திரும்புவதற்குள் எதிரி பக்கவாட்டில் வந்துவிடுவான்.

பாலம், வாசல், கோபுரம்

வெட்டவெளியில் அகலமா ஆழமா என்று தேர்ந்தெடுக்கவாவது முடிகிறது. பாலத்தில் அதுவும் கிடையாது. ஒரு பாலத்தில் 8 பேர் ஒன்றாக நடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நார்மலில் ஒரு ஹஸ்தாதி யூனிட் 5 வரிசையாகக் கடந்துவிடும். ஹியூஜில் 20 வரிசை. எட்டு யூனிட் கடக்க வேண்டுமென்றால் 40 வரிசைக்குப் பதில் 160 வரிசை. அந்த நேரம் முழுவதும் எதிரிக்கரையில் முதலில் இறங்கியவர்கள் தனியாகச் சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பாலத்தில் 1297இல் வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் ஆங்கிலேயப் படையை இதே வகையில்தான் முறித்தார்கள்: குறுகிய பாலத்தில் ஒரு பகுதி கடக்கும்வரை பொறுத்திருந்து, கடந்தவர்களை மட்டும் தாக்கினார்கள்.

ஆக, அளவு பெரிதாகும்போது பாலத்தைக் காப்பவரின் கை ஓங்குகிறது. நகர முற்றுகையில் தெருச்சண்டையும் அப்படித்தான். உடைந்த வாசலுக்குள் நான்கு பெரிய யூனிட்டுகளை ஒரே சமயத்தில் அனுப்பினால் ஒருவரையொருவர் ஊடுருவிச் சிக்கிக்கொண்டு முன்னாலும் போகமாட்டார்கள், பின்னாலும் வரமாட்டார்கள். கம்ப்யூட்டர் எதிரிக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்பது ஓர் ஆறுதல். மதிலின் மேல் நடத்தும்போது பெரிய யூனிட்டில் சிலர் கீழேயே நின்றுவிடுவதும் பழைய ஆட்டங்களில் பழகிப்போன தொல்லை.

ஆனால் முற்றுகையில் எதிர்த்திசையில் போகும் ஒரு விஷயமும் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. கோட்டைக் கோபுரம் எய்யும் அம்பும், வாசல் மேலிருந்து கொட்டும் கொதிக்கும் எண்ணெயும் யூனிட் சைஸோடு பெருகுவதில்லை. ஒரு கோபுரம் உங்கள் ஆட்களில் 15 பேரைக் கொன்றது என்று வையுங்கள். 20 பேர் யூனிட்டில் அது பேரழிவு. 160 பேர் யூனிட்டில் கீறல். ஸ்மாலில் கல்மதில் நகரங்கள் கிட்டத்தட்ட அண்ட முடியாதவையாகத் தோன்றுவதும், ஹியூஜில் கோபுரங்களைப் பொருட்படுத்தாமல் நடப்பதும் இதனால்தான்.

சுருக்கமாக: நெருக்கமான இடங்கள் பெரிய படையைத் திணறடிக்கும். நிலையான பாதுகாப்புகள் சிறிய படையை அரித்துவிடும்.

ஊரிலிருந்து போகும் ஆட்கள்

இனிமேல் சொல்வது போர்க்களத்துக்கு வெளியே, வரைபடத்தில் நடப்பது. ரோம்: டோட்டல் வார் ஆட்டத்தில் ஒரு யூனிட்டைத் திரட்டினால் அத்தனை பேரும் அந்த ஊரின் மக்கள்தொகையிலிருந்து கழிக்கப்படுவார்கள். அடிபட்ட யூனிட்டுக்கு ஆள் நிரப்பினாலும் அப்படியே. திரட்டும் செலவோ, மாதாமாதம் கொடுப்பதுபோல் ஒவ்வொரு டர்னும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும், போகும் பராமரிப்புச் செலவோ அளவைப் பொறுத்து மாறாது. அதாவது ஹியூஜில் அதே காசுக்கு நான்கு மடங்கு ஆள், ஆனால் ஊர் நான்கு மடங்கு காலியாகிறது.

2,400 பேர் உள்ள ஓர் ஊரில் நான்கு ஹஸ்தாதி யூனிட் திரட்டுகிறீர்கள். நார்மலில் 160 பேர் குறைவார்கள். 2,240 பேர் மிஞ்சும், ஊர் கவலையில்லாமல் வளரும். ஹியூஜில் 640 பேர் போவார்கள், 1,760 பேர்தான் மிச்சம். அந்த ஆட்டத்தில் ஊர் அடுத்த நிலைக்கு, அதாவது சிறுநகராக உயர 6,000 பேர் வேண்டும். நல்ல காலாள் யூனிட்டுகளும் நல்ல கட்டடங்களும் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு டர்னும் ஒரு பெரிய யூனிட்டைத் திரட்டிக்கொண்டே இருந்தால் அந்த 6,000 கானல்நீராகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். "ஊர் வளரவே இல்லை" என்ற புலம்பலின் வேர் இங்கே இருக்கிறது.

சாமர்த்தியமுள்ளவர் இதையே சாதகமாகவும் ஆக்கலாம். ரோம் ஆட்டத்தில் பெருநகரங்கள் அளவுக்கு மீறிப் பெருத்தால் அசுத்தம் ஏறி, மக்கள் கிளர்ச்சி செய்வார்கள். ஹியூஜில் குடியானவர் யூனிட் ஒன்று 240 பேரை வெளியே எடுத்துவிடும். அவர்களை ஆள் குறைந்த இன்னோர் ஊருக்கு நடத்திக்கொண்டுபோய்க் கலைத்துவிட்டால் அந்த ஊரின் மக்கள்தொகையில் சேர்ந்துவிடுவார்கள். காவலுக்கும் பெரிய யூனிட்டே லாபம்: ஊரின் அமைதி, மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் காவல்வீரர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அட்டை ஒன்றுதான், நிற்பது 240 பேர்.

இந்த மக்கள்தொகைக் கணக்கு எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது. 2006இல் வந்த மெடீவல் 2 ஆட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வகை யூனிட்டுக்கும் ஒரு கையிருப்பு இருக்கும். அது தானாக மெல்ல நிரம்பும், மக்கள்தொகை குறையாது. 2013இன் ரோம் 2இல் அடிபட்ட யூனிட்டுகள் நட்பு மண்ணில் தாமாகவே ஆள் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் போர்க்கள விளைவுகளை மட்டும் யோசித்தால் போதும்.

எந்த அளவு வரலாற்றுக்கு அருகில்?

"நிஜமாக இருக்க வேண்டும், அதனால் ஹியூஜ்" என்ற வாதமும் அடிக்கடி வரும். எண்களைப் பார்ப்போம். பொலிபியஸ் விவரிக்கும் லீஜியன் என்ற ரோமானியப் பெரும்படைப் பிரிவில் 4,200 காலாள், 300 குதிரை. அதில் ஹஸ்தாதிகள் 1,200 பேர், 120 பேர் கொண்ட 10 பிரிவுகளாக நிற்பார்கள். அந்தப் பிரிவின் பெயர் மனிபிள். பேரரசுக் காலத்தில் செஞ்சுரி என்ற பிரிவில் சுமார் 80 பேர். ஆறு செஞ்சுரி சேர்ந்தால் கோஹார்ட், 480 பேர்.

ஆட்டத்தில் லார்ஜின் 80 பேர் ஒரு செஞ்சுரி. ஹியூஜின் 160, மனிபிளைவிடக் கொஞ்சம் பெரிது, கோஹார்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஹியூஜில் 20 அட்டையும் ஹஸ்தாதியாக நிரப்பினால் 3,200 பேர், ஒரு லீஜியன்கூட ஆகாது. கான்னேயின் ரோமானியக் காலாளில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எந்த அளவை வைத்தாலும் களத்தில் நிற்பது ஒரு மாதிரிதான். முழுப் படையின் எண்ணிக்கையைத் துரத்துவதில் பலனில்லை.

துரத்த வேண்டியது வேறொன்று: ஒரு கட்டளைக்கு எத்தனை பேர் அசைகிறார்கள் என்பது. கி.மு. 197இல் கிரேக்க நாட்டின் கினோஸ்கெஃபாலேயில் ஒரு ரோமானிய அதிகாரி ஏறக்குறைய 20 மனிபிள்களை மட்டும் பிரித்துத் திருப்பி மாசிடோனிய ஈட்டிப்படையின் முதுகில் மோதினார். போர் அங்கே முடிந்தது. சிறிய துண்டுகளாகப் பிரிக்க முடிந்ததால்தான் அந்தத் திருப்பம் சாத்தியமானது. அந்த நெகிழ்வை உணர ஒரு யூனிட் 80 முதல் 160 பேர் வரை இருப்பது பொருத்தம். ஸ்மாலின் 20 பேர் யூனிட்டில் இந்த உணர்வே வராது. அது சிறு கைகலப்பாகத் தெரியும்.

கம்ப்யூட்டரின் பங்கு

ஒவ்வொரு வீரனுக்கும் எங்கே நடப்பது, யாரோடு மோதுவது, யாரை இடிக்காமல் போவது என்று தனித்தனியாகக் கணக்குப் போடப்படுகிறது. அந்த வேலை ப்ராசஸர் மேல் விழுகிறது. அதனால் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் ஹியூஜில் திணறுவது நடக்கும். தனியாக நிற்கும் படையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரு படையும் கலந்து, பாதிப்பேர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாருங்கள்.

அப்படியானால் எதை வைப்பது

முதல் காம்பெய்னுக்கு, அதாவது ஊர்களை வளர்த்துப் போர்களை நடத்தும் முழு ஆட்டத்துக்கு, லார்ஜ் என்பதே என் தெளிவான கருத்து. அணி திரைக்குள் அடங்கும், ஒரு கண் பார்வையில் முழுப் போரும் தெரியும், ஊர்கள் காலியாகாது, களைப்பும் பின்னால் ஒதுக்கி வைக்கும் படையும் என்னவென்று கற்றுக்கொள்ளும் அளவுக்குப் போர் நீளும். பக்கவாட்டுத் தாக்குதல், குதிரையைச் சுற்றி அனுப்புவது, யூனிட்டை இழுத்து அகலப்படுத்துவது எல்லாம் கையில் பழகிய பிறகு ஹியூஜுக்குப் போனால் அது தரும் மகிழ்ச்சியே வேறு. வேகமான கை, குறைந்த நேரம், மதிய உணவு இடைவேளையில் ஒரு போர் என்று ஆடுபவருக்கு நார்மல் குறைவானதல்ல. அங்கே குதிரைப்படை பளிச்சென்று வெட்டும், ஒரு நல்ல நகர்வின் பலன் உடனே தெரியும். ஸ்மாலை மட்டும், கம்ப்யூட்டருக்கு வேறு வழியில்லை என்றால் தவிர, யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாட், அதாவது ரசிகர்கள் ஆட்டத்தை மாற்றி எழுதிய பதிப்பு, போட்டு ஆடுகிறீர்கள் என்றால் அதன் குறிப்புக் கோப்பை முதலில் படியுங்கள். செலவும் ஊர் வளர்ச்சியும் ஒரு குறிப்பிட்ட அளவை மனதில் வைத்துச் சமன் செய்யப்பட்டிருக்கும்; அதைச் செய்தவர் சொல்லும் அளவையே வையுங்கள், இந்தக் கட்டுரை சொல்வதை அல்ல.

தொடங்கும் முன் கஸ்டம் பேட்டிலில், அதாவது நீங்களே படைகளைத் தேர்ந்து ஆடும் தனிப் போரில், ஒரு சோதனை செய்து பாருங்கள். இருபக்கமும் ஒரே படை: ஆறு காலாள், இரண்டு வில், இரண்டு குதிரை. ஒரு முறை வெட்டவெளி, ஒரு முறை பாலம். முதலில் நார்மலில், பிறகு ஹியூஜில். மோதலிலிருந்து முதல் யூனிட் ஓடும்வரை எவ்வளவு நேரம், உங்கள் குதிரை எதிரியின் முதுகுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் கடிகாரத்தில் பாருங்கள். இதைக் காம்பெய்னுக்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் ரோமிலும் மெடீவல் 2இலும் காம்பெய்னைத் தொடங்கும்போது இருந்த அளவே கடைசிவரை நிற்கும். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.